பைன் பிசினும் வெள்ளிக்கிழமைத் தூபக்காலும்

பெங்களூரில் இறங்கியதும் யாரிடமாவது "இங்கே பைன் மரம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டுவிடுவது என்பதுதான் என் ஒரே திட்டம். ஓசூர் ரோட்டில் பஸ் என்னை உதிர்த்துவிட்டுப் போன இடத்தில் ஓர் ஆட்டோக்காரர் நின்றிருந்தார். அவரிடமே கேட்டேன். என் முகத்தையும் முதுகுப் பையையும் மாறிமாறிப் பார்த்தார்.

"பைன் மரமா? அது எந்த ஸ்டாப்பு மேடம்?"

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இமயமலைப் பக்கம் முகாம்கள் நடத்தும் ஒரு நிறுவனம் உதவியாளர்களை எடுக்கிறது. தேர்வு பெங்களூரில், சனிக்கிழமை. ஈர விறகில் தீ மூட்டி ஒரு குவளைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும். உரசினால் பொறி மட்டும் பறக்கும் தீப்பொறிக் குச்சி அவர்கள் தருவார்கள். மண்ணெண்ணெய், கற்பூரம், காகிதம் கூடாது. மலையில் பைன் மரம்தான் துணை என்பதால் பைன் பிசினை அவரவரே தேடிக்கொண்டு வர வேண்டும். இதில் தேறாவிட்டால் திங்கட்கிழமை முதல் நான் வங்கித் தேர்வுப் பயிற்சி வகுப்பில் உட்கார வேண்டும் என்று அப்பாவுக்கும் எனக்கும் ஒப்பந்தம். இன்ஜினியரிங் முடித்து, சென்னை வேலையை விட்டு, வீட்டில் உட்கார்ந்து தீ மூட்டும் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்த மகளுக்கு ஒரு அப்பா இவ்வளவு இடம் கொடுத்ததே பெரிது.

வீடியோவில் எல்லாம் சுலபமாகத்தான் இருந்தது. பைன் மரத்துக்குக் காயம் பட்டால் பால் வடிகிறது. வடிந்தது இறுகிப் பிசினாகிறது. அதில் தண்ணீர் ஒட்டாது. ஒருமுறை பற்றிவிட்டால் நெல்லிக்காய் அளவு துண்டுகூட கறுப்புப் புகை கக்கி நின்று எரிந்து, பக்கத்தில் இருக்கும் நனைந்த சுள்ளியை உலர்த்திப் பற்றவைத்துவிடும். நான் தூத்துக்குடிக்காரி. எங்கள் ஊரில் உடை மரத்து விறகு முறைத்துப் பார்த்தாலே பற்றிக்கொள்ளும். தீ மூட்டுவது அங்கே பிரச்சினையே இல்லை, அணைப்பதுதான் பிரச்சினை. பைன் மரம் கொடைக்கானலில் இருக்கிறது என்பது, பஸ் திண்டுக்கல்லைத் தாண்டி வெகுதூரம் வந்தபிறகு, அரைத்தூக்கத்தில் எனக்கு ஞாபகம் வந்தது. பெங்களூரில் கிடைக்காத பொருள் உண்டா என்று சொல்லிக்கொண்டு மறுபடி தூங்கிவிட்டேன்.

அடுகோடியில் லலிதா சித்தி வீடு. அம்மாவின் தங்கை. தையல் கம்பெனியில் வேலை பார்க்க வந்தவள், மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்த சேகர் சித்தப்பாவைக் காதலித்துக் கட்டிக்கொண்டு இங்கேயே நின்றுவிட்டாள். சித்தப்பா இந்த ஊரிலேயே பிறந்தவர். சித்தியின் பேச்சில் தூத்துக்குடியும் அடுகோடியும் கலந்துவிட்டன. கோபம் வந்தால் மட்டும் தூத்துக்குடி தனியாகப் பிரிந்து மேலே வரும்.

"பிசினு தேடி பெங்களூருக்கு வந்துக்கினியா? இன்னாமா இது புதுசா இருக்கு!" என்று சிரித்த சித்தப்பா, முதலில் டிபனுக்குக் கூட்டிப் போனார். ஒரே தட்டில் காரமான ரவையும் இனிப்பான ரவையும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குன்றாக வந்தன. இதற்கு சௌசௌபாத் என்று பெயராம். எதை முதலில் தின்பது என்று யாரும் சொல்லவில்லை. சாம்பாரில் வெல்லம் இருந்தது. பிறகு சித்தப்பா "ஒரு காபி, பை-டூ" என்றார். ஒரு காபியை இரண்டு சின்ன டம்ளரில் பாதிப் பாதியாக ஊற்றிக் கொடுத்தார்கள். மனிதர் கஞ்சமோ என்று நினைத்துச் சுற்றிப் பார்த்தேன். கடை முழுக்க பாதிப் பாதிதான் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சித்தப்பா, பைன் மரம்?"

"அட, நம்ம சர்ச் காம்பவுண்டுலயே கீதுமா. வா."

இருந்தது. ஆகாயத்துக்கு ஏணி போட்டதுபோல் நேராக, உச்சி மட்டும் கொஞ்சம் சாய்ந்து, கிளைகள் அடுக்கடுக்காக. ஓடிப்போய் அடிமரத்தைத் தொட்டேன். காவலாளி குடையோடு வந்தார்.

"இது பைன் மரந்தானே அண்ணே?"

"கிறிஸ்மஸ் மரம்மா. டிசம்பர்ல சீரியல் லைட் போடுவோம்."

"பைனும் கிறிஸ்மஸ் மரமும் ஒண்ணுதானே?"

"லைட் போட்டா கிறிஸ்மஸ் மரம். போடாட்டி சும்மா மரம்" என்றார். சித்தப்பாவும் தலையாட்டினார்.

அடிமரத்தில் வெள்ளையாக வடிந்து உறைந்திருந்ததை, பழைய கல்லூரி அடையாள அட்டையால் சுரண்டி எடுத்தேன். தூறல் பட்டதும் அது உள்ளங்கையில் வழவழவென்று வெண்டைக்காய்த் தண்ணீராகிவிட்டது. பிசின் என்றால் தண்ணீரில் கரையக்கூடாதே? லைட்டரைக் காட்டினால் நுரைத்தது, கொப்பளித்தது, அணைந்தது. செல்போனில் தேடியபிறகு தெரிந்தது: அது பைன் இல்லை. எங்கிருந்தோ கடல் தாண்டி வந்து, பைன்போல் வேஷம் கட்டி, பெங்களூர் பூங்காக்களில் எல்லாம் நின்றுகொண்டிருக்கும் வேறொரு குடும்பத்து மரம்.

"நாப்பது வருசமா நான் இத பைன்னுதான்மா சொல்லிக்கினு இருக்கேன்" என்றார் சித்தப்பா, ஏதோ நான்தான் மரத்தை மாற்றி வைத்துவிட்டதுபோல. பிறகு பட்டறைக்குப் போய், ஈயம் பற்றவைக்கும் பேஸ்ட் டப்பா ஒன்றை எடுத்து வந்தார். "இதுலகூட பைன் பிசின் தான் கீது. டப்பால போட்டுருக்கு பார்." போட்டிருந்தது. ஆனால் டப்பாவில் வந்த பசையை நீட்டினால் தேர்வில் ஒத்துக்கொள்வார்களா? குழப்பத்தோடு அதைத் திருப்பிக் கொடுத்தேன்.

மறுநாள், வியாழக்கிழமை, சிவாஜிநகர். நாட்டு மருந்துக் கடைகள் அங்கேதான் என்றாள் சித்தி. பஸ்ஸில் ஏறி மகாராணிபோல் உட்கார்ந்துகொண்டேன், பெண்களுக்கு இங்கேயும் இலவசம் என்று கேள்விப்பட்டிருந்ததால். கண்டக்டர் ஏதோ கன்னடத்தில் கேட்டார். நான் முழித்ததும் தமிழுக்கு மாறினார்.

"ஆதார் காட்டும்மா."

காட்டினேன்.

"இது தமிழ்நாடு ஆதார் ஆச்சே. டிக்கெட் எடு."

"லேடீஸுக்கு ஃப்ரீ இல்லையா சார்?"

"லேடீஸுக்கு ஃப்ரீதான். இந்த ஊரு லேடீஸுக்கு."

பின் சீட்டில் ஒரு அம்மா சிரித்தார். டிக்கெட் எடுத்தபிறகு அந்த பஸ் சிவாஜிநகர் போகாது என்று தெரிந்தது. நெற்றிப் பலகையில் இருந்த கன்னட எழுத்துகளை நான் படங்களைப்போல் ஒப்பிட்டுப் பார்த்து ஏறியிருந்தேன். இரண்டு சுழியும் ஒரு கொக்கியும் பொருந்தின, அவ்வளவுதான். மெஜஸ்டிக்கில் இறங்கி, விசாரித்து, மழையில் நனைந்து, இன்னொரு பஸ் பிடித்து, சிவாஜிநகர் வந்து சேர்ந்தபோது மூக்கு முழுதாக அடைத்துவிட்டது. எங்கள் ஊரில் மார்கழியில்கூட எனக்குச் சளி பிடித்ததில்லை.

இறைச்சிக் கடைகளையும் துணிக் கடைகளையும் தாண்டி ஒரு சந்துக்குள் யுனானி மருந்துக் கடை. வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் சமோசாவைப் பிட்டுக்கொண்டிருந்தார்.

"க்யா பேட்டி, இன்னா ஓணும்?"

"பைன் மரத்துப் பிசின் இருக்கா பாய்?"

"பிசின் பத்து தினுசு கீது. லோபான்னா சாம்பிராணி, அது ஓணுமா, குக்குலு ஓணுமா, ராலு ஓணுமா, குங்கிலியமா, கந்தபிரோசாவா? சாப்பிடவா, பூசவா, பொகை போடவா?"

"எரிக்க."

சமோசா பாதி வழியில் நின்றது. "எல்லாம் எரியும் பேட்டி. எரியாதது இன்னா கீது?"

"மலையில வளர்ற மரம் பாய். ஊசி ஊசியா இலை இருக்கும்."

"எல்லாம் மலையிலேர்ந்துதான் வர்து. எல நாங்க பாக்கல, மூட்டதான் பாக்கறோம்."

செல்போனில் படம் காட்டினேன். அவர் கண்ணாடியை உயர்த்திப் பார்த்துவிட்டு, "இது கந்தபிரோசா மாதிரி கீது. ஆனா இது ராலு மாதிரியும் கீது" என்றார். பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டார். அவர் வந்து "நக்கோ நக்கோ, இது லோபான்" என்றார். இருவரும் உருதுவில் சண்டை போட்டார்கள். எனக்கு விளங்கிய அளவில், ஒருவர் மற்றவரின் வாப்பாவுக்கே சரக்கு தெரியாது என்றார். மூக்கு நன்றாக இருந்திருந்தால் மோந்து பார்த்தாவது தேறியிருப்பேன், டர்ப்பன்டைன் வாசம் வர வேண்டும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். எனக்கு சமோசா வாசமே வரவில்லை. கடைசியில் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கினேன். ஐந்து உருதுப் பத்திரிகைப் பொட்டலங்கள். எதில் எது என்று பாய் சொல்லச் சொல்ல மனதில் வைத்துக்கொண்டேன். திரும்பும் பஸ்ஸில் நெரிசலில் பை இடம் மாறி, பொட்டலங்கள் தலைகீழாகி, ஒன்று கசிந்து மற்ற நான்கிலும் ஒட்டி, வீட்டுக்கு வந்து பிரித்தபோது ஐந்தும் ஒன்றுபோல் பிசுபிசுத்தன. கையில் ஒட்டியது சோப்பில் போகவில்லை. தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்துக் கழுவினேன்.

எரித்துப் பார்த்துவிட வேண்டியதுதான் என்றேன். சித்தப்பா கட்டிலுக்கு அடியைக் காட்டினார். பட்டறையில் இடம் இல்லாமல் வார்னிஷ் டப்பாக்களை அங்கே அடுக்கியிருந்தார். "வீட்டுக்குள்ள நெருப்பு வெச்சியானா நாமெல்லாம் பேப்பர்ல வந்துடுவோம்." மொட்டை மாடியில் மழை. வெள்ளிக்கிழமை மழை வெறித்ததும் பார்க்கலாம் என்று பொட்டலங்களை ஜன்னல் விளிம்பில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை வெறிக்கவில்லை. சளிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு மத்தியானம் படுத்தவள், சித்தியின் அலறல் கேட்டுத்தான் எழுந்தேன்.

"ஏட்டி! ஏ செல்வி! ஓடியாட்டி!"

பூஜை அலமாரிக்கு முன்னால் மண் தூபக்கால். அதிலிருந்து முழங்கால் உயரத்துக்குச் சுவாலை. சுவாலைக்கு மேலே, மயிரை அவிழ்த்துவிட்டதுபோல் கறுப்புப் புகை. கூரையில் ஏற்கனவே ஒரு கறுத்த வட்டம் விழுந்து விரிந்துகொண்டிருந்தது. கரி நூல்கள் காற்றில் மிதந்து வந்து முருகன் முகத்திலும் சித்தியின் மூக்குத்தியிலும் உட்கார்ந்தன.

வெள்ளிக்கிழமை. விளக்கேற்றும் நேரம். தேங்காய் நாரையும் சிரட்டைக் கரியையும் தூபக்காலில் மூட்டிவிட்டு டப்பாவைத் திறந்திருக்கிறாள், சாம்பிராணி தீர்ந்துபோயிருக்கிறது. ஜன்னலில் பொட்டலம். ஊரிலிருந்து வந்த பிள்ளை சிவாஜிநகர் போய்ச் சாம்பிராணி வாங்கி வந்திருக்கிறது என்று மனம் குளிர்ந்து, பொட்டலம் முழுவதையும் கவிழ்த்துவிட்டாள்.

சித்தப்பா வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார். "ஊத்தாதீங்க, தெறிக்கும்!" என்று கத்தினேன். அடுப்படிக்கு ஓடி தோசைக்கல்லை எடுத்து வந்து தூபக்காலின் வாயில் கவிழ்த்தேன். உஸ் என்றது. ஓரங்களில் இரண்டு முறை நாக்கு நீட்டியது. அடங்கியது.

மூன்று பேரும் நின்று தோசைக்கல்லைப் பார்த்தோம். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஐந்தில் எது பைன் என்று கண்டுபிடித்தாகிவிட்டது. கண்டுபிடித்த கையோடு எரித்தும் ஆகிவிட்டது.

"சவத்த! சாம்பிராணின்னா ஒரு வாசம் வேண்டாமா? சுடுகாடு மாரில்லா நாறுது!" தூத்துக்குடி முழுசாக மேலே வந்திருந்தது. மிச்சம் நான்கு பொட்டலங்களையும் வாரிக்கொண்டு போய் வாசலில் வந்து நின்ற குப்பை வண்டியில் போட்டுவிட்டுத்தான் சித்தி ஓய்ந்தாள். அதில் சாம்பிராணியும் இருந்திருக்கும் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முந்தானையால் என் முகத்துக் கரியைத் துடைத்தாள்.

"நாளைக்கு உனக்குப் பரிட்சையாச்சேட்டி. என்ன பண்ணுவ?"

"தெரியல சித்தி."

காலையில் தோசைக்கல்லை நெம்பி எடுத்தேன். அடியில், உருகிய பிசின் கரித்தூளையும் நாரையும் விழுங்கி, தார்போல் கறுத்துக் கல்லாக இறுகியிருந்தது. கரண்டியால் குத்தினேன், வரவில்லை. வேறு எதுவும் என்னிடம் இல்லை. தூபக்காலையே மடியில் வைத்துக்கொண்டு பொம்மசந்திரா பஸ்ஸில் ஏறினேன். அதைத் தாண்டி ஒரு பண்ணையில்தான் தேர்வு.

பஸ் நிறைய ஷிஃப்டுக்குப் போகிறவர்கள். பக்கத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கவிட்ட அக்கா ஒருவர்.

"இன்னாம்மா, கோயிலுக்கா?"

"இல்லக்கா, வேலைக்கு. இன்டர்வியூ."

"இன்டர்வியூவுக்கு தூபக்கால் எத்துக்கினு போறியா?" அவர் முன் சீட்டைத் தட்டினார். "ஏ மஞ்சு, இங்க பாருடி, நாமெல்லாம் சர்டிபிகேட் எத்துக்கினு போய் ஏமாந்தோம்."

ஜன்னல் ஷட்டர் சரியாக மூடவில்லை. சில்க் போர்டில் நின்ற நேரம் முழுக்கச் சாரல் நேராகத் தூபக்காலுக்குள் விழுந்தது. துப்பட்டாவால் மூடப் போனவள் நிறுத்திவிட்டேன். தண்ணீர் அதில் ஊறவில்லை. சேம்பிலையில் நிற்பதுபோல் முத்து முத்தாக நின்று, பஸ் குலுங்கியதும் உருண்டு வெளியே போனது. இது நல்லதா, கெட்டதா? ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டே போனேன்.

தேர்வு வைத்தவர் இமயமலையில் கட்வால் பக்கத்துக்காரர், நேகி. இந்தியில்தான் பேசினார். எனக்குப் புரியாத இடங்களில் ஒரு பெண் ஆங்கிலத்தில் சொன்னாள். தென்னந்தோப்பில் தூறலுக்கு நடுவே ஆளுக்கொரு தகர மறைப்பு, ஒரு கட்டு நனைந்த சுள்ளி. என் பக்கத்து இடத்தில் ரோகித் என்ற பையன், கண்ணாடி ஜாடியில் தேன் நிறத்துப் பிசின் கட்டிகள் வைத்திருந்தான். ஆன்லைனில் வரவழைத்தானாம். நகைக்கடைபோல் மின்னின. என் தூபக்காலைப் பார்த்துவிட்டு மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

தொடங்கச் சொன்னார்கள். ரோகித் பொறியைப் பிசின் மேலேயே தட்டினான். பொறி விழுந்தது, அணைந்தது. மறுபடி. மறுபடி. அங்கேதான் எனக்கு ஒன்று உறைத்தது. பிசினுக்குப் பொறி போதாது, சுவாலை வேண்டும். பொறியைப் பிடித்துச் சுவாலையாக்க நடுவில் பஞ்சுபோல் ஏதாவது வேண்டும். வீடியோக்களில் அதைக் காட்டினார்களா, நான்தான் ஓட்டிவிட்டேனா?

தூபக்காலுக்குள் இறுகியிருந்த பிசினைக் கல்லால் ஓங்கிக் குத்தினேன். ஓடு உடைந்ததுபோல் பிளந்தது. உள்ளே, பிசினுக்கு நடுவே பாதி மூழ்கியும் பாதி மூழ்காமலும் தேங்காய் நார், பஸ் சாரல் தொடாமல் காய்ந்திருந்தது. நகத்தால் அதைச் சிலுப்பிவிட்டேன். பொறி தட்டினேன். மூன்று நான்கு தடவை ஒன்றுமில்லை. பிறகு ஒரு நார் நுனி சிவந்தது. குனிந்து ஊதினேன். சிவப்பு நகர்ந்தது. இன்னும் ஊதினேன். அப்புறம் உஸ்ஸென்று, சித்தி வீட்டில் பார்த்த அதே சுவாலை.

கரி கலந்திருந்ததாலோ என்னவோ, நேற்றுபோல் எகிறவில்லை. திரிபோல் நின்று எரிந்தது. நனைந்த சுள்ளிகள் சீறின, முனகின, நுனியில் தண்ணீர் கக்கின, கடைசியில் ஒவ்வொன்றாகப் பற்றின. ரோகித் தயங்கித் தயங்கி வந்தான்.

"அக்கா, கொஞ்சம் நெருப்பு…"

எரியும் சுள்ளி ஒன்றைக் கொடுத்தேன். அவனுடைய நகைக்கடையும் அழகாக எரியத் தொடங்கியது. நேகி பார்த்துவிட்டு அடுத்த மறைப்புக்கு நகர்ந்தார்.

என் குவளையில் குமிழி வந்ததும் அவர் வந்து குந்தி உட்கார்ந்தார். முகத்துக்கு நேரே புகையை இழுத்து மோந்தார். "இது எங்கள் ஊர் அடுப்படி வாசம். எங்கே கிடைத்தது?"

"சிவாஜிநகர்."

"எங்கள் காட்டில் மரத்தைக் கீறி வடிப்பார்கள். டின் டின்னாகக் கீழே இறங்கும். எங்கே போகிறது என்று சின்ன வயதில் யோசிப்பேன்." தூபக்காலைக் காட்டினார். "பிசின், கரி, நார். என்ன அளவில் கலந்தாய்?"

"தெரியாது சார்."

"யார் கலந்தது?"

"சித்தி. அம்மாவின் தங்கை."

"அவருக்கு இது எப்படித் தெரியும்?"

"தெரியாது சார். வெள்ளிக்கிழமை, அதனால்."

மொழிபெயர்த்த பெண் இரண்டு முறை என்னிடம் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் அதை இந்தியில் சொன்னாள். நேகி என்னைப் பார்த்தார், தூபக்காலைப் பார்த்தார். பெங்களூர் வந்த நாளிலிருந்து என்னைவிடக் குழம்பிய ஒரு முகத்தை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து டீத்தூளை எடுத்து என் குவளையில் போட்டார். கொதித்ததும் இன்னொரு குவளையில் பாதியை ஊற்றி என்னிடம் நீட்டினார்.

"அடுத்த மாதக் குழுவில் வந்துவிடு" என்றார். "அங்கே இதை வாங்க வேண்டாம். மரத்திலேயே தொங்கும்."

தோப்பு வாசலுக்கு வந்து சித்திக்குப் போன் போட்டேன். ஏணிமேல் நின்று கூரையைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள் என்று பின்னணியில் சித்தப்பா கத்தியதிலிருந்து தெரிந்தது.

"சித்தி, கிடைச்சிட்டு."

அந்தப் பக்கம் துடைக்கும் சத்தம் நின்றது. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். "அக்காட்ட சொல்லிட்டியாட்டி?"

"இல்ல. உங்ககிட்டதான் முதல்ல."

"சரி, சரி. தூபக்கால் எங்க?"

"விரிஞ்சிட்டு சித்தி. புதுசு வாங்கிட்டு வாரேன்."

"அது கெடக்கட்டும். அந்த மலைப்பக்கம் நல்ல சாம்பிராணி கிடைக்கும்பாவ. வரும்போது கொஞ்சம் வாங்கிட்டு வா." சித்தி ஒரு படி கீழே இறங்கும் சத்தம் கேட்டது. "நல்லா மோந்து பாத்து வாங்கு, என்ன? இந்தக் கருமத்த மட்டும் வாங்கிட்டு வந்துறாத."